உபயம்: பழங்காநத்தம் சிவனாண்டி

உபயக்காரர் என்றொரு பிறவி நம் ஊரில் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கோயிலுக்கு ஒரு விளக்கு கொடுப்பார். அதன் வெளிச்சம் சாமி மேல் விழ வேண்டுமா, தம் பெயர் மேல் விழ வேண்டுமா என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

பழங்காநத்தம் சிவனாண்டி அந்த வகை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை நம்பி மதுரையில் கலைக்கூடம் திறந்த வருஷம், அவர் பருத்திக் காட்டில் கிணறு வெட்டும்போது ஒரு கல் கிடைத்தது. கல்லில் வாளோடு ஒரு வீரன். எந்தச் சண்டையிலோ செத்துப் பல நூறு வருஷம் ஆனவன். கலைக்கூடத்தார் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, பெயர்ப் பலகை. வீரனின் சங்கதி கடுகளவு எழுத்தில், இவர் பெயர் பூசணிக்காய் அளவில்.

அதோடு விட்டாரா? தினமும் சரிகை அங்கவஸ்திரமும் தாமுமாக வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாராவது வீரனின் மீசையைப் பார்த்தால் இருமுவார், வாளைப் பார்த்தால் செருமுவார், பலகையைப் படிக்காமல் அடுத்த படத்துக்கு நகர்ந்தால் பின்னாலேயே போய்த் திருப்பிக் கூட்டிவருவார். மூன்று நாளில் அவர் பெயரை வாய்விட்டு வாசித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பலகை எழுதிய பெயிண்டர். மனுஷர் சோறு தண்ணீர் இறங்காமல் தவித்தார், பாவம்.

நாலாம் நாள் செல்லூரிலிருந்து சீனியம்மாள் வந்தாள். எழுத்து வாசனை கிடையாது. கல்லைக் காட்டி, இது யாரென்று அவரிடம் கேட்டாள். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதானே?

"பழங்காநத்தம் சிவனாண்டி" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பொம்பளைக்காவது நம் அருமை தெரிகிறதே என்று அவருக்குப் புல்லரித்துப்போயிற்று.

மறுநாள் பாதிச் செல்லூர் மாலையும் தேங்காயும் சூடமுமாகத் திரண்டு வந்தது. மாலை தமக்குத்தான் என்று கழுத்தை நீட்டினார். சீனியம்மாளோ, கல்லிலிருந்த வீரன் புலியோடு மல்லுக்கட்டிச் செத்துச் சாமியானதாகத் தானே கட்டிய கதையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அய்யா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. சிவனாண்டி சாமிய மறைக்கிறீக."

"நான்தாம்மா சிவனாண்டி." பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"செத்தவுக பேர வெளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீக."

அன்று சாயங்காலமே பெயிண்டரைப் பிடித்துவந்து, பலகையில் ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படியார் உயிரோடு இருக்கிறார்.' படிக்கத் தெரிந்தவர்கள் அதைச் சாமியின் மகிமை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மறுநாள் சூடம் இரண்டு பங்காயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் தங்கை மகள் வீட்டுக்குப் போனீர்களே, தண்ணீர் வேண்டுமென்று நேரே அடுப்படிக்குள் நுழைந்தது தாகத்தினாலா? அவள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த பித்தளைக் குடத்தை, பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறாளா என்று சோதிக்கத்தானே?