நாற்காலியின் நோக்கம்

ஒஹாயோ மாநிலத்தில் பெல்மர்ட்டன் ஊர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் இரண்டு வகை. கல்லூரிக்குப் போகப்போகிறவர்கள் ஒரு வகை. அவர்களுடைய கார் வழியில் நின்றுபோனால் வந்து பார்க்கப்போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு மாடியில் லத்தீன். இரண்டாம் வகைக்குக் கீழே, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், தச்சுப் பட்டறை. அதை எல்லோரும் ‘ஷாப்’ என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே யாரும் எதையும் விற்றதில்லை.

பட்டறை ஆசிரியர் கிளாரன்ஸ் ஓபர்ஹோல்ட். பள்ளியில் ஆடுகிற பெஞ்சு, திறக்க மறுக்கும் ஜன்னல், பந்தயக் கோப்பைகள் வைக்கும் அலமாரி எல்லாமே அவரும் அவரிடம் படிக்கிற பையன்களும் கைவைத்து நிமிர்த்தியவைதான். மரத்தூள் வாசனை இல்லாத இடத்தில் அவருக்குத் தும்மல் வந்துவிடும்.

1954 செப்டம்பரில் ஊதா மையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வரும். ஒவ்வொரு துறையும் தன் நோக்கத்தை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண்கூட வாங்காத துறை மூடப்படும். பட்டறை மூடப்பட்டால் அந்த அறையில் ஒரு மனநல ஆலோசகர் அமர்த்தப்படுவார் என்றும் கண்டிருந்தது.

ஓபர்ஹோல்ட் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரே வரி எழுதினார்: ‘நாற்காலி செய்யக் கற்றுக்கொடுக்கிறோம்.’

முதல்வர் ஹார்லன் டீஸ்டேல் அந்தக் கோடையில்தான் ஆறு வாரம் கல்வித் தத்துவம் படித்துவிட்டு வந்திருந்தார். ஆறு வாரத்தில் தத்துவம் தலைக்கு ஏறுமே தவிர இறங்காது.

“இது நோக்கம் இல்லையே, கிளாரன்ஸ். இது வேலை.”

“வேலைதாங்க சார் நாங்க பண்றோம்.”

“சரி, நாற்காலியோட நோக்கம் என்ன?”

“உட்கார்றது.”

“அது நடத்தை. நோக்கம் அதுக்கும் மேல இருக்கணும்.”

“மேலன்னா... முதுகு சாயிற பலகைங்களா?”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தார்.

அதே வாரம் மாடியிலும் ஒருவருக்குத் தூக்கம் போயிருந்தது. லத்தீன் ஆசிரியை மிஸ் வினிஃப்ரெட் விட்காமுக்கு வந்த கேள்வி தலைகீழானது: லத்தீன் அன்றாட வாழ்க்கைக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை நேரில் செய்து காட்டவும். செத்துப்போன பாஷையை வேலைக்குப் போகச் சொன்னால் அது எங்கே போகும்? இருவரும் உணவுக்கூடத்தில் பீன்ஸ் தட்டுக்கு முன்னால் சந்தித்துக்கொண்டார்கள்.

“உங்களுக்கு வார்த்தை வேணும், எனக்குக் கண்ணுல காட்ட ஒரு சாமான் வேணும். மாத்திக்கலாமா?” என்றார் மிஸ் விட்காம்.

“எவ்வளவு வார்த்தை தருவீங்க?”

“எடுத்துக்குங்க மிஸ்டர் ஓபர்ஹோல்ட். அந்தப் பாஷை பேசினவங்க யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.”

மிஸ் விட்காம் ஏழு பக்கம் எழுதிக்கொடுத்தார். தலைப்பு: ‘மரமும் மனிதனும்: இணைப்பு, பிளவு, மெருகு ஆகியவற்றினூடே ஆளுமை மலர்ச்சி’. அது தன் பட்டறையைப் பற்றியதுதான் என்று ஓபர்ஹோல்ட்டுக்கு மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் பிடிபட்டது. முதல்வருக்கோ கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை, கொடி வணக்கம் முடிந்த கையோடு, ஒலிபெருக்கியில் ஏழு பக்கத்தையும் வாசித்தார். பட்டறை இனி ‘மரச்சிந்தனைத் துறை’ என்று அழைக்கப்படும் என்றார்.

சிந்தனைத் துறையில் ரம்பம் எதற்கு? சத்தம் சிந்தனையைக் கெடுக்கும் அல்லவா? மிஸ் விட்காமோ ரோமானியர் கட்டிய மரப்பாலத்தைச் செய்து காட்டுவதாக எழுதிக்கொடுத்திருந்தார். ஆகவே ரம்பம், இழைப்புளி, பசைச்சட்டி எல்லாம் முறைப்படி லத்தீன் துறைக்கு மாற்றப்பட்டன. மாடியில் டாக்டர் வீட்டுப் பெண்களும் வக்கீல் வீட்டுப் பையன்களும் ரம்பம் முன்னே போகும்போது ஒரு லத்தீன் வேற்றுமை உருபும் பின்னே வரும்போது அடுத்த உருபும் சொல்லிக்கொண்டு அறுத்தார்கள். கீழே தச்சுப் பையன்கள் ‘ஆணியின் கடமை’ என்று கட்டுரை எழுதினார்கள்.

 ஓபர்ஹோல்ட்டுக்குப் பையன்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பட்டறை பிழைத்தால் போதும், மார்ச்வரைக்கும்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் சிந்தனைத் துறைக்கு ஏற்றபடி கழுத்தில் டை கட்டி வந்த முதல் நாளே, ஆசிரியர் ஓய்வறையில் கணக்கு ஆசிரியர் எழுந்து அவருக்கு இடம் விட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் உடைந்த சாமானைத்தான் நீட்டினார்கள். இப்போது அபிப்பிராயம் கேட்டார்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச்சில் டாக்டர் லிண்ட்குவிஸ்ட் தலைமையில் மூன்று பேர் வந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். குழு கறி கேட்கவில்லை. கீழே ஒரு பையன் எழுந்து, ‘ஆணி அடிபடுவதனாலேயே நிலைபெறுகிறது’ என்று வாசித்தான். ஐந்துக்கு ஐந்து. மாடியில் மூவரும் பாலத்தின்மேல் நடந்தார்கள். அதற்கும் ஐந்து.

பிறகு முதல்வர் அறையில் காபி. லிண்ட்குவிஸ்ட் உட்கார்ந்தார், நாற்காலியின் கால் முறிந்தது, மனிதர் காபியோடு தரையில் கிடந்தார். அந்தக் கால் ஆடுவதாக அக்டோபரிலேயே மரச்சிந்தனைத் துறைக்குக் குறிப்பு போயிருந்தது. அங்கே ஒரு துணைக்குழு இன்னும் அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது.

“கிளாரன்ஸ், கொஞ்சம் பாருங்களேன்,” என்றார் முதல்வர்.

ஓபர்ஹோல்ட் மண்டியிட்டுக் காலைக் கையில் எடுத்தார். பசை காய்ந்துபோயிருந்தது, ஒரு முளை அடித்தால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. கைக்கு அது தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

“முதல்ல இந்த நாற்காலியோட நோக்கம் என்னன்னு தீர்மானிக்கணும்.”

 தரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த லிண்ட்குவிஸ்ட் தன் ஆட்களைப் பார்த்து, “இதை எழுதிக்குங்க,” என்றார்.

அடுத்த செப்டம்பரில் சீர்திருத்தம் முழுமை பெற்றது. கல்லூரிக்குப் போகிறவர்கள் அனைவரும் மரச்சிந்தனையில் சேர்ந்தார்கள். ஆகவே அது மாடிக்கு ஏறியது. கார் பழுது பார்க்கப்போகிற பையன்கள் லத்தீனுக்குத் தள்ளப்பட்டார்கள். ஆகவே அது கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இறங்கியது. அங்கே மிஸ் விட்காம் ரம்பத்துக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

மாடியில் துறைத் தலைவர் ஓபர்ஹோல்ட் நாளெல்லாம் தும்மினார். கீழேயிருந்து பையன்கள் மரம் அறுக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ஊதா மையில் ஒரு சுற்றறிக்கை கீழே போனது: ‘சத்தம் சிந்தனைக்கு இடையூறாக உள்ளது. லத்தீன் துறை தன் நோக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் சமர்ப்பிக்கவும். ஒப்பம், கி. ஓபர்ஹோல்ட்.’