ஓராள் கூடைப்பந்துக் கழகம்

ஒரு கூட்டத்தில் சண்டையே வரக்கூடாது என்றால், அதற்கு ஒரே ஆள்தான் வர வேண்டும். எங்கள் வெண்முகில் விளையாட்டுக் கழகத்தின் கடைசிக் கூட்ட அறிக்கையில், 'வருகை: ஒருவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தில் கிரிக்கெட் அடித்தால் பந்து மூன்று லய வீட்டு வரிசை தாண்டித்தான் நிற்கும். சமதரை என்று இருந்தது, இடித்துப்போட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையின் சீமெந்துத் தளம் மட்டும்தான். அங்கே இரண்டு கம்பங்களை நட்டுக் கூடைப்பந்து ஆடத் தொடங்கிய அண்ணன்மார், ஹட்டன் வரை போய்க் கேடயம் வாங்கி வந்தார்கள். (நான் அப்போது பெஞ்சில் இருந்தேன். அந்தப் பெஞ்சைத் துடைத்ததும் நான்தான்.) பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கும் கட்டாருக்கும் போனார்கள். போகிறவர் தன் பதவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். இப்படித்தான் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நானே ஆனேன்.

ஒரு வருடம், ஓர் ஆட்டமாவது ஆடாவிட்டால் கழகத்தின் பெயரை நீக்கிவிடுவோம் என்று மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்களே என்று, தீபாவளிக்கு மறுநாள் ஹட்டன் அணி ஒன்றை அழைத்தேன். வாட்ஸ்அப்பில் பழைய ஆட்டக்காரர்கள் நால்வர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதை நம்பி, இருபது பேருக்கு, ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி வீதம், சோறாக்கும்படி அம்மாவிடம் சொன்னேன்.

அன்று காலை ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருவர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மற்ற இருவரின் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு வேனிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மைதானத்தில் கழகச் சட்டையோடு நான் நின்றேன்.

அவர்களுடைய கேப்டன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டீம் எங்கங்க?"

"நாங்க ரெடிங்க."

"நாங்கன்னா?"

"இப்போதைக்கு நான்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கேப்டன் தன் பையன்களைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பசங்க நாலு பேர எடுத்துக்கங்க. வந்ததுக்கு ஆடிட்டே போவோம்" என்றார்.

என்னைத் தவிர எல்லோரும் நீலச் சட்டை. என் ஆள் யார், எதிராளி யார் என்று தெரியாமல், பந்து வந்தபோதெல்லாம் பக்கத்து நீலத்துக்குக் கொடுத்தேன். பாதிப் பேர் நன்றி சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமநிலை. பந்து என் கையில். என்னைத் தடுக்க ஒருவரும் வரவில்லை. ஓடிப்போய் எறிந்தேன், விழுந்தது. என் வாழ்க்கையின் முதல் கூடை. கைதட்டத்தான் யாருமில்லை. அரைநேரத்துக்குப் பிறகு பக்கம் மாறியதை நான் மறந்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் வேனில் ஏறினார்கள். "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்று கேப்டன் கையைப் பிடித்தார். வேன் வளைவில் மறைந்ததும், சரியான கூடையில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். விழவில்லை. பந்து சரிவில் உருண்டது. நானே இறங்கிப்போய் எடுத்து வந்தேன்.

கழகத்தின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆட்டம் ஆடியாகிவிட்டதல்லவா. ஆனால் இப்போதும் நான் ஹட்டனிலிருந்து போன் செய்து "நாங்க வர்றோம்" என்றால், கூட வருவது யார் என்று என் மனைவி கேட்பதில்லை. அம்மாவிடம் திரும்பிச் சொல்வாள்: "அத்தே, டீம் வருதாம். அரைச் சுண்டு அரிசி போடுங்க."