நாலு விரற்கடை

தையல்காரரின் வெட்டு மேசைமேல் ஒன்றரை மாதமாக மாமனார் படுத்திருந்தார். முட்டி வலிக்குத் தாழ்ந்த கட்டில் ஒத்துவராதாம். தையல்காரர் தரையில் குந்தித் துணி வெட்டினார். முட்டி சரியானால் மாமனார் தன் வீட்டுக்குப் போவார், மேசை இவருக்குத் திரும்பும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கூட்டிப்போகலாமென்றால் கார் உயரம். மாமனாருக்குக் கால் எட்டவில்லை.

"காரைக் குறைச்சிடுறேன் மாமா," என்றார் தையல்காரர். அளவு நாடாவால் மாமனார் காலை அளந்தார், காரை அளந்தார், நேரே மெக்கானிக்கிடம் போனார்.

"நாலு விரற்கடை இறக்கணும்."

"குட்டை ஸ்பிரிங் போட்டா இறங்கிடும். ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் வேணாம்ப்பா. அளவு என் தொழில்."

மாமனார் நோகாமல் ஏறி உட்கார்ந்தார். உடம்பு நூற்றுப்பத்து கிலோ. முதல் வேகத்தடையிலேயே காரின் வயிறு தட்டி நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். "காலி வண்டிய அளந்தீங்களா? ஆளை விட்டுட்டுத்தான் சட்டைக்கு அளவெடுப்பீங்களா?"

தையல்காரருக்குச் சுருக்கென்றது.

அடுத்து அதே குட்டை அளவில் விறைப்பான ஸ்பிரிங் போட்டார்கள். மாமனார் பாரத்துக்குக் கார் தாழவில்லை, ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் அவரைக் கூரைக்கு எறிந்தது.

"மாப்ளே, முட்டி வலின்னு வந்தேன். மண்டை உடைஞ்சுதான் போவேன் போலிருக்கு."

கூரையில் மெத்தை தைத்தார் தையல்காரர். மாமனாரால் தலை நிமிர முடியவில்லை. அவருடைய மகள் வாசலுக்கு வந்து, "எங்கப்பாவ என்னதான் பண்றதா உத்தேசம்?" என்று கேட்டாள். மெத்தையைப் பிய்த்துப் பழைய குட்டை ஸ்பிரிங்கையே மாட்டினார்கள்.

இனி ஒரே வழிதான். வேகத்தடை வந்தால் மாமனார் இறங்க வேண்டும். காலி வண்டி தாண்டியதும் மறுபடி ஏற வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பதினோரு வேகத்தடை. போக பதினொன்று, வர பதினொன்று, வாரத்துக்கு மூன்று நாள். தாழ்ந்த சீட்டிலிருந்து முனகி எழுந்து, திட்டிக்கொண்டே உட்கார்ந்தார் மாமனார்.

நாலாவது வாரம் டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். மாமனார் கைப்பிடி இல்லாமல் எழுந்து நின்றார்.

"என் மருந்துக்கு இவ்வளவு சக்தி கிடையாதே. என்ன செஞ்சீங்க?"

மாமனார் ஒன்றுவிடாமல் சொன்னார். தையல்காரர் மனசுக்குள் மேசையைத் துடைத்து, துணியை விரித்து, சாக்பீஸையும் எடுத்துவிட்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்ப இன்னும் ஆறு மாசத்துக்கு, இந்தக் கார் இருக்கிற வீட்டை விட்டு நீங்க எங்கயும் போகக்கூடாது."