சங்கத்து விதியும் நம் பெரிய சட்டியும்

அன்புமிக்க மாப்பிள்ளை குக் தே-ஹ்வானுக்கு, ஜொன்ஜு கடைத்தெருவிலிருந்து மான்-சிக் எழுதுவது. நீங்களும் என் தங்கை மால்-சுன்னும் பூசானில் சுகமாக இருப்பீர்கள். நானும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். தொண்டையில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. கிடங்குத் தூசி, வேறொன்றுமில்லை.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் வார்க்கும் பெரிய சட்டி என் கடையில் விற்றால்தான் நம் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கும். இங்குள்ள மருத்துவர் சங்கமோ சில வருஷத்துக்கு ஒருமுறை தன் தொற்றுநோய் விதிகளை எடுத்துத் தூசி தட்டும். இந்தத் தடவை புதிதாக ஒன்று சேர்க்கப் பார்த்தார்கள்: நடுவில் ஒரே சட்டி வைத்து எல்லாரும் கரண்டி விடக் கூடாதாம், ஆளுக்கொரு குட்டிச் சட்டியாம், சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் அறிவுரை போகுமாம். கிடங்கில் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கும் பெரிய சட்டியை நான் என்ன, தொப்பியாகவா போட்டுக்கொள்வது?

வியாபாரிகள் கருத்தையும் கேட்போம் என்றார்கள். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தலைவி டாக்டர் சொன்வூ சிரிக்கத் தெரியாத பெண்மணி.

"ஐயா, ஒரே சட்டியில அத்தனை பேர் எச்சில். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சா எதையுமே திங்க முடியாதும்மா!"

வாக்கெடுப்பு சாப்பாட்டுக்கு அப்புறம் என்றார். அங்கேதான் அந்தம்மா சறுக்கினார். எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள் என்னிடம் சட்டி வாங்கும் வாடிக்கை. கண்ணைக் காட்டினேன், சோயாக் குழம்போடு தளதளவென்று நடு மேசையில் வந்து இறங்கியது நம் பெரிய சட்டி! மூத்தவர் கை வைக்காமல் யார் தொடுவது? டாக்டர் குவாக், சொன்வூவுக்கே கல்லூரியில் பாடம் எடுத்தவர், முதல் கரண்டி விட்டார். அடுத்து விருந்தாளி நான். சொன்வூ கை நகரவில்லை.

"என்ன சொன்வூ, வாத்தியார் கரண்டி பட்டா ஒனக்கு எறங்காதோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க வாத்தியாரய்யா..."

முகம் மிளகாய்த்தூள் நிறமாகிக் கரண்டியை விட்டார். "அட, நல்லாத்தான் இருக்கு!" அவ்வளவுதான், சங்கமே சட்டிக்குள் பாய்ந்தது. குவாக் தன் கிண்ணத்து மக்கொல்லி அரிசிக் கள்ளைக் குடித்துவிட்டு அதையே நிரப்பி என்னிடம் நீட்ட, நான் குடித்துப் பக்கத்தில் நீட்ட, ஒரே கிண்ணம் மேசையைச் சுற்றி வந்தது. பிறகு போய்க் கை தூக்கினார்கள். விதி அடுத்த பரிசீலனைக்குத் தள்ளிப்போனது!

"ஜெயிச்சது நீங்க இல்ல, அந்தக் கொழம்பு" என்றார் சொன்வூ. இருக்கட்டுமே! வாசலிலேயே தோளை ஆட்டி ஓர் ஆட்டம் போட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, பெரிய சட்டியாகவே வார்த்துத் தள்ளுங்கள். நீங்கள் பயந்துபோய்ச் செய்து வைத்த குட்டிச் சட்டி அச்சைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். மால்-சுன் ஊறப்போட்ட கிம்ச்சி போல உங்கள் குடித்தனம் நாளுக்கு நாள் ருசி ஏறட்டும்.

இப்படிக்கு,
வெற்றி வீரன் பியோ மான்-சிக்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் படுத்துவிட்டேன். கிடங்குத் தூசி இல்லையாம், ஃப்ளூ காய்ச்சலாம். அந்த மேசையில் சாப்பிட்ட அத்தனை பேரும் படுக்கையில். போர்வைக்குள்ளிருந்தே வீடியோவில் என்னையும் சேர்த்து, அதே விதிக்காக மறுபடி கூட்டம் போட்டார்கள். "மறுப்பு ஏதாவது உண்டா, ஐயா?" என்று சொன்வூ கேட்டார். எனக்குக் குரல் வரவில்லை, தும்மல்தான் வந்தது. "சரி, ஆதரவுன்னே எழுதிக்கிறேன்" என்றார். சிரித்தார், மாப்பிள்ளை! விதி நிறைவேறிவிட்டது. குட்டிச் சட்டி அச்சைத் தூக்கிப் போட்டுத் தொலைக்காதீர்கள். முதல் ஆர்டர் சங்கத்துச் சாப்பாட்டறையிலிருந்தே வந்திருக்கிறது: ஆளுக்கொன்று. வாத்தியாரய்யாவின் கரண்டி சும்மா இருக்காது என்பதால் மற்றவர்கள் சட்டிக்கெல்லாம் மூடியும் வேண்டுமாம்.