பல்லக்கா வார்த்த மூளை

பெங்களூரில் மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் காணாத ஒரே ஆள் பல்லக்காதான். அவரைப் பொறுத்தவரை முகம் என்பது பல்வரிசைக்கு மேலே சும்மா எழுப்பிய மாடி. ஜீவனஹள்ளியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். ‘பல் கட்டுற அக்கா’ நாளடைவில் தேய்ந்து பல்லக்கா ஆகிவிட்டது. நிஜப் பெயரைத் தெருவில் யாரும் விசாரித்ததில்லை.

எல்லோரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில் அவருக்கு ஊரே அந்நியமாகிவிட்டது. சொந்தக் கொழுந்தனார் வாசலில் நின்று நலம் விசாரித்தபோது, எந்த ஆபீசிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் கவசத்தை இறக்கிப் பல்லைக் காட்டிய பிறகுதான் உள்ளே வரச்சொல்லிக் காப்பி கொடுத்தாராம்.

நான் வாணியம்பாடியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து காக்ஸ் டவுனில் குடியிருந்தேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் இரண்டைத் தொலைத்தபோது டாக்டர் என்னை அவரிடம் அனுப்பினார். பல்லின் நிறம் பொருந்த வேண்டும் என்று மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி, அரைமணி நேரம் சிரிக்கவைத்தார். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் என் பல்வரிசையில் எது புதிது என்று இன்றுவரை பெற்றெடுத்தவளுக்கே தெரியாது.

அப்போது நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். மனித மூளை எப்படி இன்றைய வடிவத்துக்கு வளர்ந்தது என்பது எங்கள் ஆராய்ச்சி. செத்தவனின் மூளை சில நாளில் அழுகிவிடும், மண்டையோடு தங்கும். உயிரோடு இருந்த காலத்தில் மூளை உள்சுவரை அழுத்தி, தன் மேடுபள்ளங்களையும் ரத்தக்குழாய்த் தடங்களையும் அங்கே பதித்துவிட்டுப் போயிருக்கும். மண்டையோட்டுக்குள் ரப்பர் ஊற்றி அச்செடுத்தால், இல்லாத மூளையின் வடிவம் கைக்கு வந்துவிடும். குரங்கு, ஆதிமனிதன், நாம் என்று வரிசையாக வைத்து ஒப்பிடலாம். அச்சுகளைக் கம்ப்யூட்டரில் அளப்பது என் பொறுப்பு. ஸ்கேன் எடுத்தும் இதைச் செய்யலாம். ஆனால் கையால் தொட்டுப் பார்க்காத எதையும் எங்கள் தலைவி, தும்கூர்க்கார மேடம், நம்பமாட்டார்.

சிக்கல் என்னவென்றால், மண்டையோட்டை அறுக்கக் கூடாது. கழுத்தெலும்பு வந்து சேரும் அடித்துளை வழியாக ரப்பர்க் குழம்பை ஊற்றி, உருட்டி உருட்டி உள்ளே பூசி, உறைந்ததும் அதே துளை வழியாகச் சுருட்டி வெளியே எடுக்க வேண்டும். நாங்கள் எடுத்ததெல்லாம் கிழிந்தே வந்தது. ஒரு நாள் மேடம் என் பல்லைப் பாராட்டினார். நான் பல்லக்காவின் பெயரைச் சொன்னேன்.

முதல் நாள் வந்தவர், மூளை பற்றி மேடம் கொடுத்த விளக்கம் எதையும் காதில் வாங்கவில்லை. மேசையில் இருந்த மண்டையோட்டின் தாடையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இந்தாளு வலப்பக்கமே மென்னுக்கினு இருந்திருக்கான். இடப்பக்கம் வலி. யாரும் கவனிக்கல போல.”

அந்த மண்டையோட்டோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவர் மேடம். குனிந்து பார்த்தார். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்த குழி தெரிந்தது. அன்றே பல்லக்காவை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அவர் அச்செடுப்பதைப் பார்க்க பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். பவுடர் தூவி, இரண்டே விரலால் ரப்பரைச் சுவரிலிருந்து உரித்து, பிரசவம் பார்க்கிற பொறுமையோடு இழுப்பார். கசங்கிய காலுறை போல வெளியே வரும். உள்ளங்கையில் வைத்ததும் புஸ்ஸென்று விரிந்து மூளையாகிவிடும். பிறகு உள்ளே பிளாஸ்டர் ஊற்றிக் கெட்டிப்படுத்துவார்.

சிம்பன்சியின் அச்சு ஒன்றைப் பட்டறையில் வைத்துச் சீர்செய்ய வீட்டுக்கு எடுத்துப் போனார், எவர்சில்வர் டப்பாவில், பஸ்ஸில். டப்பாவைத் திறந்து பார்த்த கண்டக்டர், என்ன இது, மூளையா என்று திடுக்கிட்டுக் கேட்டிருக்கிறார். “மூளை இல்லைங்க, மூளை இருந்த எடம்” என்று பல்லக்கா திருத்தினார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை சரி, இது ஆண் சிம்பன்சி, இதற்கு எடுக்க வேண்டுமா என்றும் நியாயமாகக் கேட்டிருக்கிறார். கண்டக்டர் அதற்கப்புறம் பஸ்ஸின் பின்பக்கமே வரவில்லையாம்.

அந்த வருடம் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்தோம். ஓர் ஆதிமனித மண்டையோட்டின் நகல் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. பல்லக்கா அதில் எடுத்த அச்சின் பின்பக்கம் ஒரு பள்ளக்கோட்டை நான்தான் முதலில் கண்டேன். குரங்குகளுக்குப் பார்வைக்கான பகுதி பெரிது. அதன் எல்லைக்கோடு முன்னே தள்ளி இருக்கும். மனிதனுக்கு அது பின்னால் ஒதுங்கிவிட்டது. எப்போது ஒதுங்கியது என்பதில்தான் அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை. எங்கள் கோடோ நன்றாகவே பின்னால் இருந்தது, அதாவது அந்த ஆதிமனிதன் காலத்திலேயே ஒதுங்கிவிட்டது. மூன்று மாதம் அளந்தேன், படம் போட்டேன், ஊருக்குப் போன் செய்து பெருமையடித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மண்டை யாருடையது, நம்ம பக்கத்து ஆளா என்றார்.

அதைப் பார்க்க வெளிநாட்டு நிபுணர்கள் இருவர் இரண்டு நாள் பயணமாக வந்தார்கள். மூத்தவர் ஒரு வெள்ளைத்தலை அம்மையார். அவர் சரி என்றால் உலகம் சரி என்னும். அன்று காலை மேசையில் வைப்பதற்காக அச்சைத் துடைத்துக்கொண்டிருந்த பல்லக்காவின் கை நின்றது. கட்டைவிரலால் அந்தக் கோட்டை இரண்டு முறை தடவினார்.

“தம்பி, இது மூளை போட்ட கோடு இல்ல. நான் போட்டது.”

வெளியே இழுத்த ரப்பர் அந்த இடத்தில் முழுசாக விரியாமல் மடிந்திருக்கிறது. மடிப்பைப் பார்க்காமலே பிளாஸ்டர் ஊற்றிவிட்டேன் என்றார். “மூளை போட்டது சரிவா எறங்கும். இது வெட்டுன மாரி நிக்குது, தொட்டுப் பாரு.”

தொட்டேன். அவர் சொன்னது சரி என்று என் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. வாய்தான் வேறு சொன்னது. விருந்தாளிகள் ஊருக்குப் போகட்டும் அக்கா, அப்புறமாகப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அச்சை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கூடத்தில் நான் போட்ட படம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. மேடம் குச்சியைக் கோட்டின் மேல் வைத்த நேரம், கடைசி வரிசையில் பல்லக்கா எழுந்து நின்றார். கன்னடத்தில் பேசினார். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: “மேடம், கொஞ்சம் நில்லுங்க. அது என் தப்பு. ரப்பர் மடிஞ்சிருக்கு, நான் கவனிக்கல.”

பின்னால் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று மூத்த விருந்தாளி கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்கிறார் என மேடம் சொல்லியிருக்கலாம். அறையில் அவரைத் திருத்தத் துணிகிறவர் யாரும் இல்லை. நான் நிச்சயமாகத் திருத்தியிருக்க மாட்டேன். மேடம் குச்சியைக் கீழே வைத்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தார்.

பல்லக்கா ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்று மதியமே அதே நகலில் மறுபடி ரப்பர் ஊற்றினார். மறுநாள் காலை எல்லோரும் மேசையைச் சூழ்ந்து நிற்க, அச்சை வெளியே எடுத்தார். இந்த முறை வாட்ச்மேனின் சைக்கிள் பம்பை வாங்கிக் காற்றடித்து, உள்ளே விரல்விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவிய பிறகே பிளாஸ்டர். இறுகியதும் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி வழவழவென்று இருந்தது. என் மூன்று மாதம் அங்கே முடிந்தது.

அம்மையார் இரண்டு அச்சுகளையும் வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டுப் பல்லக்காவை உட்காரச் சொன்னார். மதியம் வரை இருவரும் பேசினார்கள். நடுவே நான் மொழிபெயர்த்தேன். இந்தம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லை யாரோ அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று பல்லக்கா சொன்னதை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். அந்த அம்மாள் எதையோ ஊகித்து, தானாகவே வாயைத் திறந்து காட்டினார். கிளம்பும்போது மேடத்திடம், என் நிலையத்திலும் பழைய அச்சுகள் நிறைய உண்டு, போனதும் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்றார்.

மேடம் மூன்று நாள் எங்கள் பழைய அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். நான்காம் நாள் மண்டையோட்டு அலமாரியின் சாவியைப் பல்லக்காவிடம் கொடுத்தார். இனி அவர் கைபட்டுச் சரி என்று சொல்லாத எந்த அச்சும் அளப்பதற்குப் போகாது என்றும் உத்தரவு போட்டார்.

அன்று டீக்கடையில் பல்லக்கா கேட்டார், “கோவமா தம்பி?”

கோபம் இல்லை அக்கா, வெட்கம் என்றேன்.

“அப்புறமா சொல்லலாம்னுதான சொன்ன. சொல்லவே வேணாம்னு சொல்லலயே” என்றார். என் டீயில் மிதந்த பாலேட்டை ஸ்பூனால் எடுத்துப் போட்டார்.

போன வருடம் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். இதற்கு முன்னால் யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பல்லக்கா என்று சொல்லிவிட்டேன். யார் அவர் என்றார்கள். சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஒதுக்கிய நேரம் அதிலேயே தீர்ந்துபோனது. என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் விட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை.