வீடு பார்க்க வருகினம்

கூரை ஒழுகவில்லை. அதுதான் சவிரிமுத்துவுக்குத் தலையிடி.

மூன்று வாரமாகக் கட்டிலுக்கு மேலே சொட்டியது. நகரசபையிலிருந்து, அதுதான் மெரியிலிருந்து, ஆள் வரும் இன்றைக்குப் பார்த்து உறைந்து கிடந்தது.

லா சப்பலில் ஆறாம் மாடி. தலைக்கு மேலே தகட்டுக் கூரை. விளிம்பில் பனி உருகி, மறுபடி இறுகி, தண்ணீரைத் தகட்டுக்கு அடியில் தள்ளும். அதைத் தடுக்க அடியில் நீர்காப்பு விரிப்பு ஒட்டவேண்டும், கட்டட விதி. பதினொரு வருடமாக மற்றவர்களின் கூரைகளில் முழங்கால் தேய அதை ஒட்டுகிறவன் சவிரிமுத்து. அவன் கூரையில் அது இல்லை.

வீட்டுச் சொந்தக்காரன் அசையவில்லை. சவிரிமுத்து மெரிக்கு முறைப்பாடு எழுதினான். மன்னாரிலிருந்து மனைவி மார்கிரட்டைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு எட்டு மாதம். அவள் வந்து நனையக்கூடாது.

மெரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் கடிதத்தைக் கடைக்காரச் சுரேன் மேலோட்டமாகப் பார்த்தான். "மெரியில இருந்து வீடு பார்க்க வருகினம், அண்ணை. வியாழன் பத்தரைக்கு."

இப்போது பத்து. சவிரிமுத்து கூரை யன்னலால் எட்டி, விளிம்பில் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் ஊற்றினான். ஒரேயொரு சொட்டு விழுந்தது. காணாது. ஒரு பானை ஊற்றினான். கட்டில் நனைந்தது, லைட் பட்டென்று போனது. இரண்டாவது பானைக்கு உட்கூரைப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து தலையணையில் விழுந்தது.

கீழ்வீட்டு நாகேஸ்வரி வாளியோடு ஏறி வந்தாள்.

"என்ர குசினிக்குள்ள மழை பெய்யுது! மேல என்ன அண்ணை, கப்பல் விடுறியளோ?"

"பேசாமல் நில்லும், தங்கச்சி. மெரி வருது. நல்லா ஒழுகட்டும்."

கதவு தட்டப்பட்டது. ஆரெலி என்றொரு பெண், கையில் படிவம். சவிரிமுத்து அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. "இசி, மதாம்! இசி!" இங்கே, இங்கே என்று தெரிந்த பிரெஞ்சில் கூப்பிட்டு, அலுமாரியை இழுத்துப் பின்னாலிருந்த பூஞ்சணத்தைக் காட்டினான். எரியாத லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள். போகும்போது படிவத்தின் பிரதியைக் கொடுத்து, அவன் கையைப் பிடித்து, செத்தவீட்டில் சொல்வதுபோல ஏதோ மெல்லச் சொன்னாள்.

"பாவப்படுறா," என்றான் சவிரிமுத்து. "நாலு பக்கம் எழுதியிருக்கிறா! இனி வீட்டுக்காரன் தப்பேலாது. எங்கை, வாசியும்."

நாகேஸ்வரி வாளியைக் கீழே வைத்தாள். முதல் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"அண்ணை, இவ ஒழுக்குப் பார்க்க வந்தவ இல்லை. உங்கட மனுசியைக் கூப்பிட வீடு சரியோ எண்டு பார்க்க வந்தவ."