மாமனாருக்கு ஒரு பாட்டில்

இந்த விஷயம் தன் ஊரான பானியில் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது என்று வில்கின் முடிவு செய்தான். முடிவு செய்வதில் அவன் என்றைக்குமே கெட்டிக்காரன். அதற்குப் பிறகு நடப்பதுதான் அவன் கையில் இருப்பதில்லை.

என்ன விஷயம் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். வில்கினுக்கு வயது முப்பத்திரண்டு. இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்பவன். கரண்ட் போகாத நாளே இல்லாத ஊரில் அவனுக்கு ஏக மவுசு. அகாலத்தில்கூட ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ஊருக்கெல்லாம் விளக்கெரிய வைக்கிறவனுக்குச் சொந்தப் படுக்கையில் காரியம் நடக்கவில்லை. மனசு தயாராகத்தான் இருந்தது. உடம்பு மட்டும், "நீ நடத்து, நான் வரலை" என்று ஒதுங்கிக்கொண்டது. முதல் தடவை, அலுப்பு என்று சொல்லிக்கொண்டான். அடுத்த தடவை, போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தான். பயந்தபடியே ஆயிற்று. அதற்கடுத்த தடவை பயம் மட்டும்தான் வந்தது.

அன்று முதல் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு எதிரே உள்ள மூலைக் கடை வாசலில் டோமினோ கட்டை ஆட உட்காருவான். மூன்று கட்டை வைப்பதற்குள் எழுந்துவிடுவான். ஒரு சிகரெட். ஒரு ரம். மறுபடி உட்காருவான், மறுபடி எழுவான். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் யோகாஸ்தா விழித்திருப்பாளே! அவள் தூங்கிய பிறகு பூனைபோல் நுழைந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அந்த ஊரில் புருஷன் நேரங்கழித்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னொருத்தி. யோகாஸ்தா அவன் சட்டைகளை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தாள். துடைத்ததைத் திரும்ப மேலே வைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவள் கிளம்பத் தயாராகிறாள் என்பது அதைப் பார்த்ததுமே வில்கினுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மனைவியே போய்விடுவாள்.

போதாக்குறைக்கு, அவள் தொழில் வேறு அப்படி. வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை. தலை நிறைய சுருள் மாட்டிக்கொண்டு பெண்கள் சூடான டிரையருக்குள் தலையை விட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் இரைச்சலில் காது கேட்காது, அதனால் ரகசியங்களைக் கத்தித்தான் சொல்வார்கள். அந்த முன்னறையைத் தாண்டாமல் வில்கின் வீட்டுக்குள் போக வழியே கிடையாது.

காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடிக்க ஒரே வழிதான் இருந்தது. மாமாஹுவானா. மரப்பட்டையையும் வேரையும் பாட்டிலில் திணித்து, ரம், சிவப்பு ஒயின், தேன் ஊற்றி ஊறவைத்த சரக்கு. அந்த ஊர் ஆண்களுக்கு அதுதான் டாக்டர், அதுதான் பாதிரியார். தலைவலிக்கும் அதுதான், தாம்பத்தியத்துக்கும் அதுதான். சந்தையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, மூலிகைக்கார நெனாவின் கடைக்குப் போனான்.

"வா ராசா! மாமாஹுவானாவா? யாருக்கு, உனக்கா?"

நெனாவுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. மீன் கடை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எனக்கா? எனக்கெதுக்கு? எங்க... எங்க மாமனாருக்கு!"

"தோன் பெர்மினுக்கா? அவரு பொண்டாட்டி போய் எவ்ளோ வருஷமாச்சு!"

"அதனாலதான்... இப்போ ஆசைப்படறாரு."

"அடி ஆத்தி! அப்படின்னா ரெண்டு வேர் சேத்துப் போடறேன். எழுபது வயசு இன்ஜினு, லேசுல ஸ்டார்ட் ஆகாது."

என்ன சாமர்த்தியம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு வில்கின் பைக்கைக் கிளப்பினான். பாட்டிலைக் கருவிப் பைக்குள் ஸ்பானர்களுக்கு நடுவே படுக்க வைத்தான். ஆனால் மீன் கடைப் பெண்களிடம் செல்போன் இருக்கிறது என்பதை யோசிக்க மறந்துவிட்டான். முன்னறைக்குள் காலை வைத்ததும் எல்லா டிரையர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யோகாஸ்தா சீப்பும் கையுமாகத் திரும்பினாள்.

"யோவ், எங்கப்பாவுக்கு என்னமோ வாங்கினியாமே?"

"நானா? என்னது? ஓ, அதுவா... சும்மா, ஒரு பாட்டில்."

"எங்கப்பா கேட்டாரா?"

"வாயைத் திறந்து கேப்பாரா? நாமதானே பாத்துச் செய்யணும்!"

"அப்பா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "வாங்க, உங்க மாப்ள உங்களுக்கு வாலிபம் வாங்கிட்டு வந்திருக்காரு!"

கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோன் பெர்மின் மெல்ல வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வில்கினைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் பெத்த பசங்ககூட என்னைப் பத்தி இவ்ளோ தூரம் யோசிச்சதில்ல மாப்ளே."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட வில்கின் அசடு வழியச் சிரித்தான். பாட்டில் கைமாறியது.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் மாமனார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் ஆடுநாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு சின்ன கிளாஸ் மாமாஹுவானா. பக்கத்தில் தொட்டியில் ஒரு குரோட்டன் செடி. தெருவில் போகிறவர்களெல்லாம், "என்ன தோன் பெர்மின், உடம்பு எப்படி?" என்று கண்ணடித்தார்கள். பால் இனிப்பு செய்து விற்கும் விதவை லிதியா, அதுவரை அந்தத் தெருப்பக்கமே வராதவள், தினம் ஒரு துண்டு கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். மனிதர் பத்து வயது குறைந்து போனார். வேலை செய்கிறது, சரக்கு வேலை செய்கிறது என்று வில்கின் உள்ளுக்குள் துடித்தான். அந்தச் செடி மட்டும் ஏனோ நாளுக்கு நாள் தள்ளாடிச் சாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

எல்லோரும் அயர்ந்த நேரமாகப் பார்த்து அவனும் அந்தப் பாட்டிலில் கை வைத்தான். ஒரு மடக்கு. பிறகு அரை கிளாஸ். பிறகு ஒரு கிளாஸ். நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. காது சூடாயிற்று. உடம்பில் எல்லா உறுப்பும் விழித்துக்கொண்டது, ஒன்றைத் தவிர.

ஒருநாள் காலையில் யோகாஸ்தா கவலையோடு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பாவை நெனைச்சா பயமா இருக்குய்யா. இந்த வயசுல அந்தச் சரக்கைக் குடிச்சா நெஞ்சு தாங்குமா? டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயேன்."

"நானா?"

"பின்னே? ஆம்பள சமாச்சாரம். அப்பா வாயைத் திறக்க மாட்டாரு. நீதான் உள்ள போயி எல்லாத்தையும் விவரமாச் சொல்லணும். எப்போலேர்ந்து, எப்படி, என்னான்னு. ஒண்ணையும் விட்டுடாதே."

வில்கினுக்குக் காப்பி புரையேறியது, சந்தோஷத்தில். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? மாமனார் பெயரில் தன் கதையைச் சொல்லி, மாமனார் பெயரில் மருந்து வாங்கி, தானே விழுங்கிவிடலாம்! யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாவம் யோகாஸ்தா, அப்பாவி என்று ஒரு நிமிஷம் இரக்கம்கூடப் பட்டான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் தோன் பெர்மின் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ போ மாப்ளே. எனக்குக் கூச்சமா இருக்கு." வில்கின் துள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

டாக்டர் மிலாக்ரோஸ் மூக்குக் கண்ணாடி வழியாக ஏற இறங்கப் பார்த்தாள். தலைமுடி நன்றாக வாரி விட்டிருந்தது. அது யாருடைய கைவேலை என்று அவன் கவனித்திருக்க வேண்டும்.

"சொல்லுப்பா."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எங்க மாமாவுக்குத்தான்." எச்சிலை விழுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"காலையில எழுந்திருக்கும்போது எப்படி?"

"சில நாள் சரியா இருக்கு. அவருக்கு."

"தூக்கம்?"

"எங்க டாக்டர் தூங்க விடறாங்க? கரண்டு போச்சுன்னா இன்வெர்ட்டர் பாக்க ஆள் வந்துடறான்."

"எழுபது வயசுல இன்வெர்ட்டர் ரிப்பேரா?"

"பழக்கம்... விட மாட்டேங்கறாரு."

"சிகரெட்? ரம்?"

"கவலையில கொஞ்சம் கூடிப்போச்சு."

"பொண்டாட்டியோட சண்டையா?"

"சேச்சே! அவ தங்கம், டாக்டர். அவ முகத்தைப் பாக்கத்தான் முடியல. எங்க விட்டுட்டுப் போயிடுவாளோன்னு..." அது மாமனாரின் குரல் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

டாக்டர் ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டையை எடுத்தாள். "கையை நீட்டு."

"எனக்கெதுக்கு?"

"உங்க மாமாவோட கை பெஞ்சுல இருக்கு. இருக்கற கையைக் குடு."

பட்டை இறுகியது, தளர்ந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள்.

"கொதிப்பு ஏறிக் கெடக்கு. முப்பது வயசுல இதெல்லாம் வராதுன்னு யார் சொன்னா? என்கிட்ட உன் வயசுப் பசங்க எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா? தூக்கமில்ல, குடி, புகை, கவலை, இது எல்லாம் ரத்த ஓட்டத்தைத்தான் மொதல்ல புடிக்கும். அது மொதல்ல எங்க தெரியும்? அங்கதான். நெஞ்சுக்கு வரதுக்கு முன்னாடியே உடம்பு உனக்கு மணி அடிச்சுச் சொல்லுது. நீ என்னடான்னா, அதுமேல ரம்மை ஊத்தி அணைக்கப் பாத்திருக்கே."

"எங்க மாமாதான் டாக்டர்..."

"உங்க மாமாவை எனக்கு வருஷக்கணக்காத் தெரியும். வயித்துப் புண்ணு. ஒரு சொட்டு தொட மாட்டாரு. அவரு போன வாரமே வந்து பரிசோதனை பண்ணிட்டுப் போயிட்டாரு. குதிரை மாதிரி இருக்காரு."

வில்கின் பேய் முழி முழித்தான். கதவு திறந்தது. கடையைப் பட்டப்பகலில் பூட்டிவிட்டு யோகாஸ்தா வந்து நின்றாள்.

"அப்பா கிளாசை தினம் செடியிலதான் கவுத்தாரு. ஆனாலும் பாட்டில் காலையில இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. குடிச்சது யாரு, பூனையா?"

"அப்போ... உனக்கு..."

"எங்கப்பாவுக்கு வாலிபம் வாங்குறவனா நீ? அவருக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுத்திருக்கியா? நெனா பேரைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. எவ்ளோ நிம்மதி தெரியுமா? எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனைச்சு நான் பெட்டியை எறக்கி வெச்சேன்யா." சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சிரிப்பியோன்னு..."

"சிரிச்சிருப்பேன்தான். அப்புறம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டு வந்திருப்பேன். இப்பவும் அதேதானே நடந்திருக்கு?"

"நேரா 'வா'ன்னு கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டான். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். வில்கினுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் ஜெயித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் எழுந்து ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்தாள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினாள். ரம், சிகரெட், பாட்டில் எல்லாவற்றுக்கும் முழுக்கு. மூலைக் கடையில் எவனாவது நீல மாத்திரை நீட்டினால் வாங்கக்கூடாது. தேவைப்பட்டால் பரிசோதனை பார்த்துவிட்டுத் தானே கொடுப்பதாகச் சொன்னாள். "அதோட, இதைப் பரீட்சை மாதிரி நெனைக்காதே. கொஞ்ச நாள் சும்மாப் பக்கத்துல படுத்துப் பேசிக்கிட்டிருங்க. பாஸ் ஃபெயில் எல்லாம் அப்புறம்."

அப்படியே செய்தார்கள். இருட்டின பிறகு கூப்பிட்டவர்களுக்கு யோகாஸ்தாவே பதில் சொன்னாள்: "மெழுகுவத்தி ஏத்திக்கோங்க!" விடிந்ததும் இருவரும் மாந்தோப்பு வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்கள். நடக்கும்போது அவன் பேசினான். ஒரு தடவை பேச ஆரம்பித்தவனை நிறுத்துவதுதான் அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. குரோட்டன் செடி நிமிர்ந்தது. லிதியாவின் பால் இனிப்பு மட்டும் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில், யாரும் சொல்லாமலே, வில்கின் அந்தப் பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தான். சீட்டியடித்துக்கொண்டே வைத்தான்.

அன்று சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டோமினோ மேசைக்குப் போனான். யோகாஸ்தாவுக்குத் தெரிந்துவிட்டது, போகட்டும், சொந்தப் பொண்டாட்டிதானே. ஊருக்கு ஒன்றும் தெரியாதே! ஊரைப் பொறுத்தவரை பாட்டிலும் மாமனாருக்கு, டாக்டரும் மாமனாருக்கு. தன் முடிவில் பாதியாவது ஜெயித்ததில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டையைக் கலைத்துக்கொண்டே டாரியோ அவன் பக்கம் சாய்ந்தான்.

"ஏம்ப்பா, உங்க மாமனாருக்குப் பாத்தியே, அந்த டாக்டரம்மா நல்லாப் பாக்குறாங்களா?"

"ஏன்?"

"எங்க மாமனாருக்கும் கொஞ்சம்... அதே தொந்தரவு."

மிகெலின் தொண்டையைக் கனைத்தான். "எங்க மாமனாரும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

எதிரே உட்கார்ந்திருந்த யெய்சன் சுற்றுமுற்றும் பார்த்தான். "எங்க மாமனாருக்கும் சேத்துக் கேளுண்ணே."

"டேய், உனக்குக் கல்யாணமே ஆகலியேடா!" என்றான் டாரியோ.

யெய்சன் அவசரமாகக் கட்டைகளை எண்ண ஆரம்பித்தான். எதிரே வில்கின் வீட்டு முன்னறையில் டிரையர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜன்னலில் சீப்போடு ஒரு கை நீண்டது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் யோகாஸ்தா சொன்னாள்:

"மாமனாருங்க எல்லாரும் வியாழக்கிழமை காலையில போங்கப்பா, அன்னிக்குத்தான் கூட்டம் கம்மி. எங்க வீட்டு மாமனாரும் அன்னிக்குத்தான் போறாரு. வில்கின், எல்லாரையும் உன் பைக்லயே கூட்டிட்டுப் போயிடு!"